வண்டின் சொந்த ஊர்

உலகத்தில் இல்லாமலே போய்விட்ட ஒரு வண்டுக்குத் தன் பெயர் இருப்பது தாரிணிக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

செரிகா தாரிணியே என்பது அதன் அறிவியல் பெயர். ஏழு மில்லிமீட்டர் நீளம். வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். அவள் கணவர் ஜெபராஜ் பூச்சியியல் பேராசிரியர். திருமணமான இரண்டாம் வருடம் அந்தப் பெயரை வைத்தார். "பொண்டாட்டி பேரை வைக்க ஒரு மயிலு, ஒரு மானு கிடைக்கலையாக்கும் உங்க வீட்டுக்காரருக்கு?" என்று பக்கத்து வீட்டு லலிதா அந்தக் காலத்தில் கேலி செய்வாள். "அவருக்கு வண்டுதானுங்க தெரியும்" என்று தாரிணி சிரிப்பாள். கொடைக்கானல் பெருமாள்மலைச் சோலையில் அவர் பிடித்த ஏழு வண்டுகளோடு சரி. பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை. இருபது வருடம் தேடிப் பார்த்துவிட்டு, அழிந்துபோன உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது 2071ஆம் வருடம் மே மாதம். ஜெபராஜ் போய் நான்கு வருடம் ஆகிறது. ஆனால் வண்டு திரும்பி வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஓர் உயிர்மீட்பு ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், இருநூற்றுப் பன்னிரண்டு வண்டுகள் பிறந்திருந்தன. அவற்றை மீட்டெடுத்தவள் அவர்களுடைய ஒரே மகள் லிடியா.

டிபன் கேரியரோடு தாரிணி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது லிடியா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தலை சீவி இரண்டு நாளாவது இருக்கும்.

"எத்தனை இருக்கு கண்ணு?"

"அறுபத்தொண்ணு. நேத்து எழுபத்தெட்டு."

"இன்னும் திங்கலையா?"

"தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்குது. பெருமாள்மலையிலருந்து இருபத்தேழு மரத்தோட இலை வரவழைச்சாச்சு. அங்கே மே மாசம் என்ன குளிரோ அதே குளிர். அதே மண்ணு. மழைகூட அதே மாதிரி தெளிக்கிறோம். எல்லாம் மூலையில போய் முடங்குது. செத்துப்போகுது."

"முதல்ல நீ சாப்புடு சாமி. அரிசிம்பருப்பு சாதம்."

லிடியா இரண்டு வாய் சாப்பிட்டாள். தாரிணி பேச்சை இலேசாக்கப் பார்த்தாள்.

"நம்ம லலிதா கேட்டா, செத்த வண்டு எப்படிடி பொழைக்கும்னு. பழைய மாவுல ஒரு கரண்டி எடுத்துப் புது மாவுல கலந்தா புளிச்சு வருதுல்ல, அப்படித்தான்னு சொல்லி வெச்சேன்."

"அட, தப்பில்லைம்மா" என்று லிடியா சிரித்துவிட்டாள். "காஞ்ச வண்டோட சதையிலருந்து அதோட மரபணுக் குறிப்பை எடுத்து, சொந்தக்கார வண்டோட முட்டையில வெச்சோம். புழு வந்துச்சு. ஒரு வருஷம் மண்ணுக்குள்ள வேரைத் தின்னுச்சு. வண்டா வெளிய வந்துச்சு. இதுவரைக்கும் எல்லாம் சரி. வண்டா இருக்கறது மூணே வாரம். அதுக்குள்ள இலை திங்கணும். தின்னாத்தான் பொட்டை வண்டு வாசனை விடும். வாசனை வந்தாத்தான் ஆண் வண்டு தேடி வரும். அப்புறம்தான் முட்டை. மொதப் படியிலேயே நிக்குது."

"இதுங்க போச்சுன்னா மறுபடியும்..."

"மாவு இல்லைம்மா." லிடியா கரண்டியை வைத்தாள். "அப்பா பிடிச்ச ஏழுல ஆறை அரைச்சு முடிச்சாச்சு. ஏழாவது, பேர் வெக்கறதுக்கு ஆதாரமான வண்டு. அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. அடுத்த வாரம் இந்தப் பெட்டி காலியாச்சுன்னா இந்த வண்டு ரெண்டாவது தடவையா செத்துச்சுன்னு எழுதிக்க வேண்டியதுதான். என்னோட பதினோரு வருஷம்." சற்று நிறுத்தி, "அடுத்த மாசம் காட்டு வழக்கு வேற வருது" என்றாள்.

அந்த வழக்கு தாரிணிக்குத் தெரியும். பெருமாள்மலையில் முந்நூறு ஏக்கர் சோலை அந்த ஒரு வண்டின் பெயரால்தான் முப்பது வருடமாக வெட்டுப்படாமல் நின்றது. ஊர்க்காரர்கள் அதை வண்டுக்காடு என்றே சொல்வார்கள். இல்லாத வண்டுக்கு எதற்குக் காடு என்று ஒரு விடுதிக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. வண்டு உயிரோடு திரும்பினால் வழக்கு தோற்றுவிடும்.

"அந்த ஏழாவது வண்டு இங்கேதான் இருக்கா? நான் பாத்ததே இல்லையே."

லிடியாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஏழும் இத்தனை காலம் வடக்கே ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்குள் இருந்தவை. அப்பாவின் பன்னிரண்டு பக்க ஆங்கிலக் கட்டுரையில் அம்மா படித்தது, ‘என் மனைவி தாரிணிக்கு’ என்ற ஒரு வரி மட்டும்தான்.

அவள் பூட்டைத் திறந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தாள். ஊசியில் குத்திய ஒரு சின்னஞ்சிறு பழுப்பு வண்டு. அதற்குக் கீழே, அதே ஊசியில், விரல் நகத்தளவு சீட்டு. ஜெபராஜின் கையெழுத்து. மளிகைச் சீட்டையும் இப்படித்தான் எறும்பு வரிசை போல எழுதுவார்.

‘கொடைக்கானல், பெருமாள்மலைச் சோலை. 14.5.2033. விளக்கொளியில் பிடித்தது. ஜெ. ஜெபராஜ்.’

தாரிணி மறுபடியும் படித்தாள். தேதியின் மேல் கண் நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. அப்பா ஞாபகம்" என்று சொல்லிவிட்டுக் கேரியரைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

*

2033 மே பதினான்காம் தேதி மாலை ஜெபராஜ் பெருமாள்மலையில் இல்லை. ஏற்காட்டில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்லூரியில் தாவரவியல் கடைசி வருடம். சுற்றுலாவாக ஏற்காடு வந்திருந்தார்கள். அத்தை மகனோடு நிச்சயம் ஆகி இரண்டு மாதம். அதற்கு முன்பே, பூச்சிகளை அடையாளம் காண்பது பற்றி வகுப்பெடுக்க வந்திருந்த நாகர்கோவில் பையன் ஒருவன் மனதில் உட்கார்ந்துவிட்டிருந்தான். ஏற்காடு போவதைச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். வரச் சொல்லி எழுதவில்லை. வரவேண்டாம் என்றுதான் எழுதினாள். அவர் கொடைக்கானல் முகாமில் கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வத்தலக்குண்டு, திண்டுக்கல், சேலம் என்று பஸ் மாறி மாறி வந்து நின்றார். பேரிக்காய் வாங்கி வருவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டு அவள் வந்தாள். நாற்பது நிமிடம் கிடைத்தது.

கோடை மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. கடை விளக்கைச் சுற்றிப் பழுப்பு வண்டுகள் மொய்த்தன. தலையில், மடியில், டீயில் விழுந்தன. அவள் அழுதுகொண்டே நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் பெஞ்சின் மேல் விழுந்த வண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு மாத்திரை டப்பாவுக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அழுதுட்டிருக்கறேன். நீங்க வண்டு பொறுக்கிட்டு இருக்கீங்க!"

"கை சும்மா இருந்தா உன் கையைப் பிடிச்சிருவேன்னு பயமாட்டு இருக்கு" என்றார் அவர்.

முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில், தாரிணிக்குக் கன்னம் சுட்டது.

பிரியும்போது அவள்தான் சொன்னாள். "நீங்க இன்னிக்கு இங்க வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. எங்கண்ணனுங்க காதுல விழுந்தா எனக்குக் கீழே ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க, அவங்களுக்குக் கல்யாணம் நடக்காது. என்னிக்குமே சொல்லக் கூடாது."

"என்னிக்குமே சொல்ல மாட்டேன்" என்றார்.

அத்தை மகன் வெளிநாட்டு வேலை கிடைத்ததும் தானே விலகிக்கொண்டான். ஒரு வருடம் கழித்து ஜெபராஜ் அம்மா அப்பாவோடு முறையாகப் பெண் கேட்டு வந்தார். கோவையில் ஒரு நூலகத்தில் பார்த்துக்கொண்டோம் என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மகளுக்கும் அதையே சொன்னார்கள். அண்ணன்மார் இப்போது இல்லை. தங்கைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்த வாக்கை அவள் எப்போதோ மறந்துவிட்டிருந்தாள்.

அவர் மறக்கவில்லை. நகத்தளவு சீட்டில்கூட. ஏற்காடு என்று எழுதினால் அன்று எங்கே இருந்தார் என்ற கேள்வி வரும். அதனால் தன் கூடாரம் எங்கே இருந்ததோ அந்த ஊரை எழுதிவிட்டார். தேதியை மட்டும் மாற்ற அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு கடிதத்தில் அவர் மட்டும் போட மறுத்ததும் இப்போதுதான் புரிந்தது. வண்டு அழிந்துவிட்டது என்று அறிவிக்கும் கடிதம் அது. "அழிஞ்சு போச்சுன்னு நான் எழுத மாட்டேன்" என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். தன் பெயர் வைத்த வண்டு என்பதால் வந்த பாசம் என்று அவள் நினைத்தாள். உள்ளுக்குள் பூரித்தும் போனாள்.

சொன்னால் என்ன ஆகும்? ஜெபராஜ் பொய்ச்சீட்டு எழுதியவர் ஆவார். அவருடைய மாணவர்கள் நாற்பது பேர் தலைகுனிவார்கள். காட்டு வழக்கில் விடுதிக் கம்பெனி அன்றே ஜெயித்துவிடும். சொல்லாவிட்டால் பெட்டி காலியாகும். லிடியா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலையில் போன் செய்தாள். "எத்தனை கண்ணு?"

"நாப்பத்தி நாலு."

"நான் வர்றேன்."

*

முழுவதையும் சொல்லி முடித்தபோது லிடியா நின்றபடியே இருந்தாள்.

"நூலகத்துல பாத்துக்கிட்டோம்னு சொன்னீங்க?"

"அதுவும் பொய்தான்."

"என்னம்மா குடும்பம் இது!"

"திட்டறதுன்னா என்னையத் திட்டு. நான் கேட்டுக்கிட்டேன், அவர் எழுதிட்டார்."

"அப்பா ஒவ்வொரு மே மாசமும் பெருமாள்மலைக்குப் போனாரேம்மா. டார்ச்சும் வலையும் எடுத்துக்கிட்டு, மழையில நனைஞ்சு. அங்கே இல்லைன்னு தெரிஞ்சே போனாரா?" லிடியாவின் குரல் உடைந்தது. "நான் இந்த வண்டை எடுத்து ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு சொன்ன அன்னிக்கு, ‘வேற வண்டு ஏதாவது எடேன் மக்கா’ன்னார். என்னால முடியாதுன்னு நெனைக்கிறார்னு கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் பேசலை."

தாரிணி முந்தானையை நீட்டினாள்.

லிடியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குள் இருந்த விஞ்ஞானி மெல்ல எழுந்து வந்தாள். "ஏற்காடு. ஐந்நூறு மீட்டர் கீழே. காப்பித் தோட்டம். குளிர் தப்பு, இலை தப்பு, எல்லாமே தப்பு. சரி, இலையையும் குளிரையும் மாத்திடலாம். ஏன் மாத்தினோம்னு யாருக்கும் சொல்ல வேண்டாம். ஏதோ முயற்சி பண்ணோம், பலிச்சுதுன்னு எழுதிக்கலாம். அப்பா பேரும் தப்பிச்சுது, காடும் தப்பிச்சுது."

தாரிணிக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. நாற்பது வருடம் காத்த பொய் இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

"அப்புறம் இதுங்களைக் கொண்டுபோய் எந்தக் காட்டுல விடுவே?"

"பெருமாள்மலையில."

"அங்கே இதுங்களுக்குத் திங்க என்ன இருக்கு?"

லிடியா பெட்டியைப் பார்த்தாள். பிறகு வண்டுகளை வெளியூர் கொண்டுபோவதற்கான விண்ணப்பத்தைத் திறந்தாள். ‘போகும் இடம்’ என்ற கட்டத்தில் ஏற்காடு என்று எழுதினாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் வெகுநேரம் விரல் நின்றது. பிறகு, ‘சீட்டில் உள்ள ஊர் தவறு’ என்று எழுதி அனுப்பினாள்.

*

அனுமதி வந்து சேலத்திலிருந்து இருபது வளைவுகளும் ஏறி முடிக்கும்போது பெட்டிக்குள் முப்பத்தொரு வண்டுகள்தான் இருந்தன. ஊர் முழுக்கக் கட்டடமாகியிருந்தது. டீக்கடை இருந்த இடத்தில் ஒரு பேக்கரி. அதன் பின்னால் மட்டும், யாரோ விற்காமல் வைத்திருந்த கொஞ்சம் காப்பித் தோட்டம். நிழலுக்கு நட்ட கல்யாண முருங்கை மரங்கள் சாலை வரைக்கும் கிளை நீட்டியிருந்தன.

லிடியா சில்வர் ஓக், பேரி, காப்பி, கல்யாண முருங்கை என நான்கு இலைகளைப் பறித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பேக்கரியின் வெளிப் பெஞ்சில் பெட்டியை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

கால்மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மூலையில் கிடந்த ஒரு வண்டு எழுந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. கல்யாண முருங்கை இலையின் மேல் ஏறி, விளிம்பில் வாயை வைத்தது. சின்னதாக ஓர் அரைவட்டம் விழுந்தது. இன்னொரு அரைவட்டம்.

"அம்மா" என்றாள் லிடியா, மூச்சு விடாமல். "திங்குதும்மா."

மற்றவையும் வந்து சேர, பத்து நிமிடத்தில் அந்த இலை நரம்பாகிவிட்டது. லிடியா ஓடிப்போய்க் கை நிறையப் பறித்து வந்தாள். மணி ஆறரை ஆகி விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. முந்தைய நாள்தான் அங்கே மழை பெய்திருந்தது. பேக்கரிக்கார அம்மாள் துடைப்பமும் முறமுமாக வெளியே வந்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்கம்மா. இந்தச் சனியன் புடிச்ச பூச்சி, விளக்குப் போட்டாப் போதும், வந்து கொட்டும்."

அவள் கூட்டிச் சேர்த்த முறத்தில் ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது. பழுப்பு நிறம். ஏழு மில்லிமீட்டர்.

லிடியா எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா, இது... இது எப்ப வரும்?"

"வருசா வருசம் மே மாசம் மழை விழுந்தா வரும். நான் வாக்கப்பட்டு வந்த நாளா கூட்டி அள்ளுறேன். எதுக்குக் கேக்குறீங்க, பூச்சி மருந்து விக்கிறவங்களா?"

"இல்லைக்கா. அதைக் கொட்டிடாதீங்க. எனக்குத் தாங்க."

"இதையா? தாராளமா எடுத்துக்கம்மா. நாளைக்கு வந்தா இன்னொரு மொறம் தர்றேன்."

பழுப்பு வண்டுகள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி. ஆண் வண்டின் வயிற்று நுனிக்குள் இருக்கும் கொக்கியின் வளைவை வைத்துத்தான் இனத்தைச் சொல்ல முடியும். லிடியா பையிலிருந்து சிறிய உருப்பெருக்கியை எடுத்து, பெஞ்சிலேயே வைத்து, ஊசி முனையால் பிரித்தாள். ஒன்று. இரண்டு. ஐந்து. கொக்கி ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் திரும்பி, நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. அப்பா தன் கட்டுரையில் வரைந்திருந்த அதே வளைவு.

அவள் நிமிர்ந்தபோது சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தாரிணிக்குத் தெரியவில்லை.

"இது சாகவே இல்லைம்மா. ஒரு நாள்கூட. பதினோரு வருஷம் ராத்திரி பகலா உக்காந்து, உயிரோட இருக்கறதை உயிர்ப்பிச்சிருக்கேன்."

"என்னால கண்ணு."

"உங்க ரெண்டு பேராலயும்." லிடியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யாருமே இந்த ஊர்ல ஒரு வண்டை எடுத்துப் பிரிச்சுப் பாக்கலை. எல்லாரும் சீட்டை நம்பி அந்த மலையில தேடினோம். அப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு."

"காடு போயிடுமா?"

"வண்டு பேர்ல இருந்த பாதுகாப்பு போயிடும். ஆனா முப்பது வருஷமா வெட்டாம விட்டதால அங்கே வேற என்னென்னமோ வந்து குடியிருக்கு. தவளை, மந்தி, வேற எத்தனையோ வண்டு. அதுங்களை எண்ணி எழுதிக் கொடுக்க ஒரு மாசம் இருக்கு. போதாதுதான். தோத்தாலும் தோப்போம். பொய்ச் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்னால கோர்ட்டுல நிக்க முடியாதும்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவைப் பத்தி நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க" என்றாள்.

"பேசட்டும். ஏன் எழுதினார்னு கேட்டா என்னைக் கூப்பிடு. நான் வந்து சொல்றேன்."

"எல்லார் முன்னாடியுமா? பேரிக்காய் வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்ததையுமா?"

"அதையும்தான்" என்றாள் தாரிணி. முகம் சிவந்தது அவளுக்கே தெரிந்தது.

அப்போதுதான் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கீறல் சத்தம் கேட்டது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே மூன்று பெண் வண்டுகள் இலையின் உச்சிக்கு ஏறி, பின்பக்கத்தைத் தூக்கியபடி அசையாமல் நின்றன. பேக்கரி விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்த வண்டுகளில் சில விளக்கை விட்டு இறங்கிவந்து, பெட்டியின் கம்பி வலையில் ஒட்டிக்கொண்டு, கால்களால் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒன்பது, பத்து, பன்னிரண்டு. எல்லாம் ஆண்.

"வாசனை விட ஆரம்பிச்சிட்டாளுங்க" என்று லிடியா கிசுகிசுத்தாள்.

"திறந்து விட்டுடேன் கண்ணு. பாவம்."

"முடியாதும்மா. மீட்டெடுத்த உயிரை அனுமதி இல்லாம வெளிய விட்டா என் வேலையே போயிடும். சட்டம்." அவள் வலையில் தொங்கிய வண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முகாமைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்து நிக்கறானுங்க, பாருங்க."

தாரிணி அவள் தோளில் செல்லமாக ஓர் அடி வைத்தாள்.

லிடியா பாக்கெட்டிலிருந்து விதிமுறை நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தாள். அடுத்த பக்கத்தையும் படித்தாள்.

"வெளிய விடக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு" என்றாள் மெதுவாக. "உள்ளே விடக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை."

வலையின் மூடியைக் கட்டைவிரல் அகலத்துக்கு நகர்த்தி, இன்னொரு கையால் அரண் கட்டிக்கொண்டாள். ஏற்காட்டு ஆண் வண்டு ஒன்று விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. பிறகு உள்ளே இறங்கி, யாரையும் கேட்காமல், கல்யாண முருங்கை இலையை நோக்கி நடந்தது.